ஹாக்கி அரங்கு இருந்த இடம்

மாலை ஆறு மணிதான். ஆனால் தை மாதம்... சுவிஸில், ஓல்டனுக்கு அப்பால் அந்தச் சின்ன நகரத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் தெருவிளக்குகூடத் தெரியாது. ஒரு சனமும் இல்லை.

இது எங்கள் மதுஜாவின் அத்தான், அவளுடைய அக்காவைக் கட்டிய பிரவீனனுக்கு நடந்தது. கூடவே மதுஜாவின் தம்பி மிதுனும் இருந்தான். மிதுனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. யாருக்கும் நோகாமல் தூக்கி இருத்துகிற கைகள் அவனுடையவை.

பிரவீனன் புதிதாகக் குடிபோன அடுக்குமாடியின் கீழே, நிலத்துக்கடியில் கார் நிறுத்துமிடம். நகரின் நடுவே இருந்த ஐஸ் ஹாக்கி அரங்கை இடித்துவிட்டுக் கட்டியது. ஒரு காலத்தில் சனிக்கிழமைகளில் ஊர் முழுக்க அங்கேதான் நின்று கத்தியதாம்.

காரைப் பூட்டியதும் மூக்கில் ஏறியது, ஐஸ் தளத்தைக் குளிரவைக்கிற அமோனியாவின் நெடி. கூடவே ஈர மரத்தின் வாடை.

"என்னடா மணக்குது?"

மிதுன் அவனை நோக்கி வந்தான். அவன் கால்கள் நடக்கவில்லை... சிமெந்துத் தரையில் வழுக்கி வந்தன. ஸ்ர்ர்க்... ஸ்ர்ர்க்... சறுக்குக் காலணியின் இரும்பு பனியைச் சீவும் சத்தம்.

தோளால் வந்து மோதினான். பிரவீனன் தூணில் அடிபட்டான். விலா எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"மிதுன், நான் அத்தானடா."

மறுபடி. இந்தமுறை முகம். பல்லொன்று கழன்று நாக்கில் விழுந்தது. ஆட்டம் பார்க்கும் சனம்போல, எங்கோ தடுப்புப் பலகையில் நூறு கைகள் அடித்தன... டம், டம், டம். மிதுன் அவன் சட்டையைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிவிட்டுக் குத்தினான். குத்திக்கொண்டே இருந்தான். பிரவீனன் மிதுனின் அக்காவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். நிற்கவில்லை.

பிறகு ஒரு விசில்.

மிதுன் விட்டுவிட்டான்.

படிக்கட்டில் மேல்மாடிக் கிழவர் ரூடி, வாயில் இரண்டு விரலோடு நின்றார். அந்த அரங்கில் நடுவராக இருந்தவர். அம்புலன்ஸை அழைத்துவிட்டுப் பிரவீனனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"இதே இடத்தில், ஆட்டத்தின் நடுவே ஒருவனை இப்படித்தான் அடித்துக் கொன்றார்கள்," என்றார் சுவிஸ் ஜெர்மனில். "சனம் கைதட்டியது."

மிதுன் தூர மூலையில், சுவரோரச் சிமெந்துத் திட்டில் போய் இருந்தான். கைமுட்டிகளில் தோல் இல்லை.

"அடித்த ஆட்டக்காரர்களை அந்த மூலையில்தான் தண்டனைக்கு இருத்துவோம்," என்றார் கிழவர். அதற்குமேல் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

விலா பிறகு பொருந்திவிட்டது. மிதுனுக்கு அந்த மாலை இன்றுவரை ஞாபகமில்லை. ஆனால் அம்புலன்ஸில் ஏற்றுமுன் பிரவீனன் கண்டது ஒன்று இருக்கிறது.

மிதுன் யாருக்கோ இடம்விடுவதுபோலச் சற்றுத் தள்ளி இருந்தான்.

கொஞ்சம் பொறுத்து... இன்னும் சற்றுத் தள்ளினான்.