தவக்காலத்தில் கொடுத்த ரத்தம்

"கொலஸ்ட்ரால்ங்கிறதே மாத்திர விக்கிறவன் கட்டிவிட்ட கதைட்டி!"

இத்தனை உறுதியான தொடக்கவுரையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. முழங்கியவர், சூரியநெல்லியிலிருந்து மூணாறு செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் மனைவியோடு அமர்ந்திருந்த எஸ்டேட் தொழிலாளி. ஈஸ்டர் முடிந்த வாரம் அது. அவருடைய ஒரே ஆதாரம், கையிலிருந்த ரத்தப் பரிசோதனை முடிவு.

"வருசம் பூரா மாட்டுக்கறி திங்கிற ஆளு நான். பாரு, கொறஞ்சிருக்கு. இனி மாத்திர வேண்டாம்."

"ரத்தம் என்னைக்குக் குடுத்தீங்க?" என்றார் மனைவி.

"ஈஸ்டருக்கு நாலு நாளு முந்தி, பெரிய வியாழனுக்கு மொத நாளு."

"தவக்காலம் நாப்பது நாளும் கறியத் தொடல. மாத்திரையும் நான் வாயில திணிச்சேன். கொறையாம என்ன செய்யும்?"

"அது வேற, இது வேற."

"ஒங்க அண்ணனும் இப்படித்தான் பேசுனாரு. தேயிலக் கொழுந்துக் காட்டுல நெஞ்சப் பிடிச்சிட்டுச் சாஞ்சவரு எந்திரிக்கவே இல்ல."

"அது வாயுக் கோளாறுட்டி."

"சரிங்க. மாத்திரைய விட்டுட்டு ஆசதீர கறி தின்னுங்க. ஒரு மாசங்கழிச்சு மறுபடி ரத்தம் குடுப்போம்."

பேச்சாளர் சன்னல்வழியே தேயிலைச் சரிவை ஆராயத் தொடங்கினார். மூணாறு வரும்வரை அந்த ஆராய்ச்சி முடியவில்லை.

இறங்கியதும் மனைவி திரும்பிப் பாராமல் மருந்துக் கடையை நோக்கி நடந்தார். கணவரோ எதிர்ப்புறத்து இறைச்சிக் கடையைப் பார்த்தபடி சற்று நின்றார். அங்கே வாங்குவோர் ஒருவரும் இல்லை.

"ஏட்டி, நில்லு! கறிக்கடையில பயங்கரக் கூட்டம்," என்று கூவிக்கொண்டே மனைவியின் பின்னால் ஓடினார்.