தேதியில்லாத ராஜினாமாக் கடிதம்

1974ஆம் வருடம் ஜூலை மாதம் 10ஆம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் தம்பி ராஜாராமனுடன் காவல் நிலையத்தில் ஆஜராகி, இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்க நான் சொல்லும் வாக்குமூலம் பின்வருமாறு:

என் பெயர் அனந்தலக்ஷ்மி, வயது 33, தகப்பனார் பெயர் பிச்சுமணி, காலஞ்சென்றவர். மதுரை பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் தாயாருடனும் தம்பியுடனும் குடியிருந்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. வாடிப்பட்டி போகும் சாலையில் உள்ள கமலவேணி கலைக் கல்லூரி அலுவலகத்தில் ஒன்பது வருடமாக டைப்பிஸ்டாக வேலை பார்த்து வருகிறேன். இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் பொருளாதார விரிவுரையாளர் யூனுஸ் என்பவரையும், புகார் கொடுத்த கல்லூரிச் செயலாளர் கைலாசநாதன் என்பவரையும் எனக்குத் தெரியும். இருவரும் எனக்கு உறவினர் அல்ல. இருவருடனும் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை.

எங்கள் கல்லூரியில் புதிதாக ஆசிரியர் ஒருவர் வேலைக்குச் சேரும்போது, சேருகிற அன்றே அவரிடம் ஒரு ராஜினாமாக் கடிதமும் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், உடனே விடுவிக்கவும் என்று இங்கிலீஷில் நான்தான் டைப் செய்வேன். தேதி போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். கையெழுத்து வாங்கியபின் கடிதங்களைச் செயலாளர் தம் அறையில் உள்ள இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார். யூனுஸ் சார் 1969ஆம் வருடம் ஜூன் மாதம் சேர்ந்தார். அன்று கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "என்னம்மா, வந்து சேர்ற அன்னைக்கே போறதுக்கும் எழுதி வாங்குறீங்க?" என்று கேட்டார். "எல்லாரும் குடுக்கிறதுதான் சார், சும்மா பீரோவுல கிடக்கும்" என்று நான் சொன்னேன். அதன் பிறகே அவர் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்து கல்லூரியில் யாருக்கும் சம்பளம் கொடுக்கப்படவில்லை. அதற்கு முன்பும் சம்பளம் தாமதமாகத்தான் வரும். முழுத் தொகைக்கு ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கட்டிட நிதி என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். மூன்று மாதம் ஒன்றுமே வராமல் போனதும் ஆசிரியர்கள் செயலாளரைப் பார்த்துக் கேட்டார்கள். சர்க்கார் மானியம் வந்து சேரவில்லை என்று அவர் சொன்னார். அதன் பிறகு யூனுஸ் சார் தம் பெயரிலேயே கல்வி இலாகா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். ஏப்ரல் மாதமே மானியம் கல்லூரிக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று அவருக்குப் பதில் வந்தது. சென்ற 4ஆம் தேதி வியாழக்கிழமை மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் அந்தப் பதிலை அவர் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். நான் அப்போது சுற்றறிக்கை கொடுக்க அங்கே போயிருந்தேன். படித்து முடித்ததும் கணித விரிவுரையாளர் சாவித்ரி அம்மாள் "அந்தக் காகிதத்தைப் பத்திரமா வீட்டுல வையுங்க சார்" என்றார்.

6ஆம் தேதி சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அலுவலகம் முடிந்து நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அட்டெண்டர் மொக்கையன் வந்து செயலாளர் கூப்பிடுவதாகச் சொன்னான். நான் போனபோது அறையில் செயலாளரும் முதல்வரும் இருந்தார்கள். மேஜைமேல் யூனுஸ் சாரின் கடிதம் இருந்தது. செயலாளர் அதை என் பக்கம் தள்ளி, "இதுல நேத்துத் தேதியப் போட்டுக் கொண்டா" என்றார். நான் முதல்வரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "சார் எழுதிக் குடுத்திருக்காரா?" என்று கேட்டேன். "அவன் கையெழுத்து இருக்குல்ல? அம்புட்டுதான். நீ தேதிய அடி" என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை. கடிதத்தை எடுத்துப் போய், 5-7-1974 என்று டைப் செய்து கொண்டுவந்து கொடுத்தேன். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக ஓர் உத்தரவும் டைப் செய்யச் சொன்னார். அதையும் செய்தேன்.

அந்தக் கடிதம் 1969இல் இருந்த பழைய மெஷினில் அடித்தது. அதன் எழுத்து பெரியது. இப்போது நான் உபயோகிப்பது 1972இல் வாங்கிய மெஷின். இதன் எழுத்து சிறியது, நெருக்கமானது. ஆகையால் கடிதம் ஓர் எழுத்திலும் தேதி வேறோர் எழுத்திலும் இருக்கும். பழைய மெஷின் ஸ்டோர் ரூமில் ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தாங்கள் அந்தக் கடிதத்தை வரவழைத்துப் பார்த்தால் தெரியும்.

8ஆம் தேதி திங்கட்கிழமை காலை யூனுஸ் சார் வழக்கம்போல் வந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. மொக்கையன் உத்தரவை நீட்டினான். அவர் நின்றபடியே படித்து, "நான் எதையும் எழுதிக் குடுக்கலயே மொக்கையா" என்றார். உத்தரவைப் பெற்றதற்குக் கையெழுத்துப் போடாமல் நேராக வகுப்புக்குப் போய்விட்டார். அவர் வகுப்பு எடுத்த அறை என் ஜன்னலுக்கு எதிரே, வராந்தாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர் கரும்பலகையில் எழுதுவதையும் பேசுவதையும் நான் இருந்த இடத்திலிருந்து பார்க்கவும் கேட்கவும் முடியும்.

வேலையை விட்டுப் போனவர் அத்துமீறி வகுப்பில் புகுந்துவிட்டார் என்று செயலாளர் போன் செய்து, சுமார் பத்தேமுக்கால் மணிக்குப் போலீஸார் இருவர் வந்தார்கள். வகுப்பு வாசலில் நின்று கூப்பிட்டார்கள். "பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்குங்க. முடிச்சிட்டு நானே வாரேன்" என்று யூனுஸ் சார் சொன்னார். பெரியவராக இருந்த போலீஸ்காரர் சரி என்று வராந்தாவில் நின்றார். செயலாளர் அறையிலிருந்து வெளியே வந்து சத்தம் போட்டதும் அவர்கள் உள்ளே போய்க் கையைப் பிடித்தார்கள். மாணவர்கள் எழுந்து கூச்சல் போட்டார்கள். அப்போது யூனுஸ் சார், "உக்காருங்கப்பா. ஒருத்தரும் வெளிய வரக்கூடாது. பக்கம் நாப்பத்தொண்ணப் படிச்சுக்கிட்டிருங்க" என்றார். கரும்பலகையைத் துடைத்துவிட்டு அவர்களுடன் போனார். மாணவர்களை அவர் தூண்டிவிட்டதாகப் புகாரில் இருப்பது உண்மையல்ல. ஆசிரியர்கள் வராந்தாவில் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் குறுக்கே வரவில்லை. சாவித்ரி அம்மாள் மட்டும் அந்த வகுப்புக்குள் போய் மணி அடிக்கும்வரை மாணவர்களுடன் நின்றார்.

மாணவர்கள் கல்லெறிந்ததில் செயலாளரின் காரில் பின்கண்ணாடி உடைந்ததாகப் புகாரில் இருப்பது பற்றிக் கேட்கிறீர்கள். கல் எறியப்படவில்லை. போலீஸார் யூனுஸ் சாரை அழைத்துப் போய் அரை மணி நேரம் கழித்து, டிரைவர் அவசரமாகக் காரைப் பின்னால் எடுத்தபோது, கட்டிட வேலைக்காக அடுக்கி வைத்திருந்த சவுக்குக் கம்புகளில் மோதி உடைந்தது. மொக்கையன் துடைப்பத்தால் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினான். அவனை விசாரித்தால் சொல்வான்.

அன்று மாலை மூன்று மணி சுமாருக்கு யூனுஸ் சாரின் மனைவி ஜெயினம்பு அலுவலகத்துக்கு வந்தார். அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. என் மேஜையருகில் வந்து, "அக்கா, இவுக வேலைய விட்டுட்டாகன்னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. எப்ப எழுதிக் குடுத்தாக?" என்று கேட்டார். "விடுறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விடமாட்டாகளே. எந்தத் தேதியில குடுத்தாகன்னாவது சொல்லுங்க, போயிக் கேக்குறேன்" என்றார். மெஷினில் பாதி அடித்த காகிதம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நான் அடித்த பக்கத்தில் ஏழு பிழைகள் இருந்தன. ஒன்பது வருடத்தில் அப்படி நேர்ந்ததில்லை. யூனுஸ் சார் மாலை ஜாமீனில் வெளியே வந்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

மறுநாள் 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குச் செயலாளர் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. தாயார் காபி கொடுத்தார். செயலாளர் என் நான்கு மாதச் சம்பளம் 860 ரூபாயை ஒரு கவரில் வைத்துக் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கட்டிட நிதி பிடிக்கவில்லை. அதன் பிறகு, "நாளைக்கு இன்ஸ்பெக்டர் கூப்பிடுவாரு. வெள்ளிக்கிழமை யூனுஸ் உன் முன்னாலதான் லெட்டரக் குடுத்தான்னு சொல்லு. வேற ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். எழுந்து போகும்போது தாயாரிடம், "கல்யாணமாகாத பொண்ணு. ஒரு ஆம்பளைக்காக ஸ்டேஷன்ல ஏறிப் பேசினா ஊரு என்ன சொல்லும்னு நீங்களே எடுத்துச் சொல்லுங்கம்மா" என்றார். தாயார் காபி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு என்னிடம், "அந்தக் கடுதாசியில தேதி போட்டது யாருடி?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்பன்னா போயிச் சொல்லிட்டு வா" என்றார்.

அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதும் இல்லை. அது நான் வேலை பார்த்த நான்கு மாதத்துக்கு உண்டான என் சம்பளம்.

யூனுஸ் சார் வெள்ளிக்கிழமை என் முன்னிலையிலோ வேறு யார் முன்னிலையிலோ ராஜினாமாக் கடிதம் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. தேதியைப் போட்டது நான். செயலாளர் சொல்லி, முதல்வர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதைச் செய்தேன். அதனால் என்மேலும் குற்றம் வரலாம் என்று இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன். செயலாளர் அறைப் பீரோவில் இதுபோலத் தேதியில்லாத கடிதங்கள் இன்னும் முப்பத்தேழு இருக்கின்றன. அவற்றை இன்றே கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவற்றில் ஒன்று என்னுடையது. ஆசிரியர்களைப் போலவே நானும் 1965ஆம் வருடம் வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இன்று பகல் ஒரு மணிவரை நான் ராஜினாமா செய்யவில்லை. இனிமேலும் செய்யும் உத்தேசம் இல்லை. நாளைய தேதியிட்டோ, வேறு எந்தத் தேதியிட்டோ என் கையெழுத்துடன் ஒரு கடிதம் வந்தால், அந்தத் தேதி நான் போட்டதல்ல என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். நாளை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு நான் வேலைக்குப் போவேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதிய ஸ்டேஷன் ரைட்டர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். 'யூனுஸ் கொடுத்தார்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை 'கொடுத்ததாகச் சொல்லும்படி செயலாளர் கூறினார்' என்று திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, அனைத்தும் உண்மை. யாருடைய கட்டாயமும் இல்லாமல், தேதியை என் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பி. அனந்தலக்ஷ்மி
10-7-1974