மயிலின்ரை பின்பக்கம்

வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள்.

"முருகன்ரை மூலஸ்தானத் திரைச்சீலையோடை என்ரை சோட்டியையும் சேர்த்துத் தைச்சுப்போட்டன்," என்றார் மூத்தவர்.

"வீட்டிலை கவுண் மாதிரிப் போடுற சோட்டியையோ, அக்கா?"

"ஓம். தலையணை உறைக்குப் பூப்போடுற மாதிரி மடியிலை வைச்சுத்தான் திரையிலை மயிலைத் தைச்சனான். எழும்பினால் திரைச்சீலையும் கூட வருது. அதை வாங்க வாசலிலை ஐயர் நிக்கிறார். விடிஞ்சால் கொடியேற்றம்."

"பிறகு?"

"மயிலைப் பிரிக்க மனம் வரேல்லை. சோட்டியைச் சுத்திவர வெட்டிப்போட்டன். மயிலுக்குப் பின்னாலை சோட்டியின்ரை பூத்துணி உள்ளங்கையளவு ஒட்டிக்கொண்டு நிக்குது. உடுத்த துணியெல்லே, சாமிக்கு ஆகாது. பயத்திலை ஐயரிட்டைச் சொல்லிப்போட்டன்."

"ஏசினாரோ?"

"திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'முன்பக்கம் சனத்துக்கு, பின்பக்கம் முருகனுக்கு. நீங்கள் சோட்டியோடை திரியிறதை அவர் காணாததோ?' எண்டு சொல்லிக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டார். அப்பதான் எனக்கு மூச்சு வந்தது. இப்ப வேறை சோட்டி தைக்கத் துணி எடுக்கப் போறன்."



"அதே பூவிலை எடுங்கோ, அக்கா. வேறை பூவெண்டால் முருகனுக்கு ஆளை ஆரெண்டு மட்டுக்கட்டேலாது."