லா மோஞ்சிக்கு மேலே நாலு கிலோமீட்டர்

— முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டு, எர்வே. பந்தயத்துக்கு முன்னால போற விளம்பர வண்டியில இருந்து வீசினதைத் தலையில மாட்டிக்கிட்டு நீ 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ங்கிறதை என்னால பார்க்க முடியல.

— சரி, கழட்டிட்டேன். இப்பச் சொல்லு மிரேய். அந்த மெக்கானிக் அம்மா என்னதான் சொன்னாங்க?

— அவங்க மேல தப்பே இல்ல. நேத்து சாயங்காலம் வேலைக்கு வந்தவங்க. காலையில சக்கரத்துக்குக் காத்தடிச்சுக்கிட்டே, 'மன்னிச்சுக்குங்க மேடம், உங்க சைக்கிளை மட்டும் சார்ஜ் போட மறந்துட்டேன், இன்னைக்கு மலையில பார்த்துப் போங்க'ன்னாங்க. வேற யாரோன்னு நினைச்சுப் பேசுறாங்கன்னு சிரிச்சேன். அவங்க குனிஞ்சு, மிதிக்கு மேல இருக்கிற குழாயைத் தட்டிக் காமிச்சாங்க.

— யோன் அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும்.

— உன் வருத்தம் அதுதானா?

— இல்லம்மா, அப்படியில்ல. பாரு, இங்கே உக்காரு. நாற்காலி விரிச்சு வெச்சிருக்கேன். சைக்கிள் பந்தயம் இங்கே வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், பேசிக்கலாம்.

— நின்னுக்கிட்டே பேசுறேன். யோனுக்கும் தெரியும், அப்படித்தானே? வழிகாட்டின்னு கூட வந்தவர், ஒவ்வொரு மலை உச்சியிலயும் எனக்குக் கை தட்டினாரே.

— அவர்தான் சைக்கிளை ஏற்பாடு பண்ணிக் குடுத்தார். நான் கேட்டேன், குடுத்தார். சின்ன மோட்டார், மிரேய். வெளியே தெரியவே தெரியாது.

— தெரியாதுங்கிறதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். தினமும் சாயங்காலம் என் கையில இருந்து சைக்கிளை வாங்கி நீயே வேன்ல ஏத்தினே. நான் களைச்சிருப்பேன்னு நீ செய்றதா நினைச்சேன். இன்னைக்குத்தான் தூக்கிப் பார்த்தேன். கனக்குது.

— மூணு கிலோ கூட.

— என் கைப்பிடியில பொத்தான் எதுவும் இல்லையே. எப்படி ஓடுச்சு?

— என் ஃபோன்ல.

— அதனாலதான் ஆறு நாளா பின்னாலயே வந்தியா? 'நீ முன்னால போ, உன் வேகத்துக்கு நான் வரேன்'னு. நம்ம குழுவுல வர்ற அந்த டச்சுக்காரம்மா என்கிட்ட, இப்படி ஒரு புருஷன் எந்தக் கடையில கிடைப்பான்னு கேட்டாங்க. நானும் பெருமையா ஏதோ சொல்லி வெச்சேன்.

— கெட்ட எண்ணத்துல செய்யல. உன் தோளையே பார்த்துக்கிட்டு வருவேன். ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சா உனக்கு முடியலன்னு தெரியும். அப்ப மட்டும்தான் அழுத்துவேன். அதுவும் கொஞ்சமா.

— அந்த நேரத்துலயெல்லாம் எனக்கு என்ன தோணுச்சுன்னு தெரியுமா? ரெண்டு வருஷம் முன்னால அந்த ஆபரேஷன் மேஜையில விட்டுட்டு வந்த உடம்பு திரும்பக் கிடைச்சிட்டுதுன்னு. ஒரு வளைவுல அழுதுட்டேன்.

— பார்த்தேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சே.

— அப்பவும் விரல் ஃபோன் மேலதான் இருந்துதா?

— மிரேய், நான் உன்னைக் குழாயெல்லாம் சொருகின நிலையில பார்த்தவன். உனக்கு அது ஞாபகம் இருக்காது, மயக்கத்துல இருந்தே. எனக்கு அது போகவே மாட்டேங்குது. நீ மூச்சு வாங்கினா என் நெஞ்சு அடைக்குது.

— டாக்டர் ஏறலாம்னு எழுதிக் குடுத்தாரே. நீயும் பக்கத்துலதான் இருந்தே. மெதுவா, அங்கங்கே நிறுத்தி இளைப்பாறி, ஆனா ஏறலாம்னார்.

— அவருக்கென்ன, எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

— முடியலன்னா வேன்ல ஏறியிருப்பேன். அந்த பெல்ஜியக்காரர் ரெண்டு நாள் வேன்ல வரல? அவர் என்ன தேஞ்சா போயிட்டார்? வாழைப்பழம் தின்னுக்கிட்டு, ஜன்னல் வழியா எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கிட்டு வந்தார். நானும் அப்படி வந்திருப்பேன். எது முடியும், எது முடியாதுன்னாவது தெரிஞ்சிருக்கும்.

— உனக்கு ஒரு வெற்றி வேணும்னு நினைச்சேன். அது தப்பா?

— கிண்ணங்கள் மாதிரியா?

— அதை இப்ப ஏன் இழுக்குறே?

— இழுக்காம? நான் வனைஞ்ச மண் கிண்ணங்களுக்கு முதல் தடவையா கண்காட்சி வெச்சேன். முதல் நாளே இருபத்திரெண்டும் வித்துப்போச்சு. மூணு வருஷம் கழிச்சு உன் அண்ணன் வீட்டு கேரேஜ்ல, சுத்தின தாள்கூடப் பிரிக்காம இருபத்திரெண்டும் இருந்துச்சு. அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே இப்படி ஒருநாளும் செய்ய மாட்டேன்னு சொன்னே. நீ அழுததைப் பார்த்து நான்தான் உன்னைத் தேத்தினேன்.

— சொன்னேன். வாஸ்தவம்தான்.

— நேத்து சாப்பாட்டு மேஜையில நீ அடிச்ச பிரசங்கம் வேற. மோட்டார் வெச்சு மலை ஏறுறவனை வாழ்நாள் முழுக்கப் பந்தயத்துல சேர்க்கக் கூடாதுன்னே. மொத்த மேஜையும் கோப்பையைத் தூக்குச்சு. நானும் தூக்கினேன்.

— அது பந்தயக்காரங்களைப் பத்தி…

— மேடம், முசியே, கொஞ்சம் மன்னிக்கணும். வேன்கிட்ட ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் வெச்சிருக்கேன், டச்சுக்காரங்க காலி பண்ணறதுக்குள்ள வாங்க. போலீஸ் பாதையை மூடியாச்சு, யாரும் வெள்ளைக் கோட்டைத் தாண்டாதீங்க.

— வரோம் யோன். உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும், மோட்டார் வாடகை தனியா, இல்ல என் புருஷனுக்குச் சலுகை விலையா?

— … நான் வேன்கிட்ட இருக்கேன் மேடம்.

— பாவம் அந்த ஆளு, மிரேய். நான் கெஞ்சினதாலதான் ஒத்துக்கிட்டார்.

— உனக்கு எல்லார் மேலயும் பாவம்தான். சரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். சுத்தி வளைக்காம சொல்லு. செவ்வாய்க்கிழமை ஏறின தூர்மலே மலை. அதுல எவ்வளவு தூரம் என்னோடது?

— அதை இப்போ கணக்குப் போட்டு என்ன ஆகப்போகுது?

— எனக்கு ஆகவேண்டியது இருக்கு. எந்தெந்த இடத்துல அழுத்தினே?

— கீழே கிராமம் தாண்டினதுல இருந்து விட்டு விட்டு. காடு முடியுற இடத்துல ரொம்ப நேரம். லா மோஞ்சி ஓட்டல்களுக்குக் கீழே, அந்தச் செங்குத்துல முழுசா.

— அப்புறம்? லா மோஞ்சிக்கு மேலே? லாமா மிருகங்கள் பாதையை மறிச்சுக்கிட்டு நின்ன வளைவு, கடைசி நாலு கிலோமீட்டர்?

— அங்கே இல்ல.

— எர்வே, இதுக்கு மேலயும் எனக்குப் பரிசு குடுக்காதே.

— பரிசு இல்ல. கடைசி ஓட்டல் பக்கத்துல பேட்டரி தீர்ந்துபோச்சு. நான் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அப்ப மணி பதினொண்ணு இருபது. இதோ, ஃபோன்லயே பதிவாகியிருக்கு, நீயே பாரு. இந்தக் கோடு இங்கேயே நின்னுடுச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல.

— இதை ஏன் அன்னைக்கே சொல்லல?

— இதைச் சொன்னா அதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லணுமே. நம்பு செல்லம், அந்த நாலு கிலோமீட்டர் எனக்கு உயிரே இல்ல. நீ அடுத்த வளைவுல நின்னுடுவே, அதுக்கடுத்ததுல நின்னுடுவேன்னு பார்த்தேன். நிக்கவே இல்ல. செத்த மோட்டாரையும் சுமந்துக்கிட்டுப் போனே. கடைசிச் செங்குத்துல என்னால உன்னைப் பிடிக்க முடியல. ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீ திரும்பிக்கூடப் பார்க்கல.

— கேட்டுது.

— கேட்டுதா?

— ரெண்டு தடவையும் கேட்டுது. அப்ப நான் வேற ஒண்ணை யோசிச்சுக்கிட்டிருந்தேன். பாதி வழியில திரும்பினா அது கலைஞ்சு போயிடும்னு பயம்.

— அப்படி என்ன யோசனை? ஹெலிகாப்டர் சத்தம் கேக்குது, பார்த்தியா, முன்னணி ஆளுங்க கீழே வந்துட்டாங்க போல… என்னன்னு சொல்லு.

— காலையில இருந்து, அங்கே யோசிச்சதும் மோட்டார் உபயம்தானோன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நிச்சயமா சொல்லு. அந்த நாலு கிலோமீட்டர் என்னோடதுதானா?

— உன்னோடதுதான். எங்கம்மா மேல சத்தியமா, உன்னோடது மட்டும்தான்.

— அப்ப சரி. அங்கேதான் எர்வே, உன்னை விட்டுட்டுத் தனியா இருந்துக்க என்னால முடியும்னு முடிவு பண்ணினேன்.