மஞ்சள் முக்கோணம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. எனக்குக் கணினி என்றால் பிடிக்கும். என் வயதுக்காரர்கள் பலர் அதைக் கண்டாலே எரிந்து விழுவார்கள். நான் அப்படி இல்லை. எங்கள் மருத்துவமனையின் மருந்தகத்துக்கு முதல் கணினி வந்தபோது அட்டைப்பெட்டியைப் பிரித்தவனே நான்தான். அதற்குப் போடும் துணி உறையை மாதம் ஒரு தடவை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவருவேன். அதனால் என்னைப் பத்தாம்பசலி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பத்தொன்பது வருடம் ஒரே திரையில் வேலை பார்த்தேன். வார்டில் டாக்டர் மருந்து எழுதினால் கீழே என் திரையில் சீட்டு வரும். நான் சரிபார்த்து, மருந்தை எடுத்து, பெயர் ஒட்டி, தட்டில் வைத்து மேலே அனுப்புவேன். திரையின் உச்சியில் நோயாளியின் பெயர் இருக்கும். அவருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அந்த மருந்தின் பெயர் அதற்குக் கீழேயே சிவப்பு எழுத்தில் நிற்கும். தேட வேண்டியதே இல்லை. வலது ஓரத்தில் 'அனுப்பு'. கண்ணைக் கட்டிவிட்டாலும் என் விரல் அங்கேதான் போய் நிற்கும்.

பிறகு அந்தச் சின்னப் பெட்டி வர ஆரம்பித்தது. புதிய பதிப்பு தயார், இப்போது மாற்றவா, பிறகு நினைவூட்டவா என்று கேட்கும். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. காலையில் வந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு 'பிறகு' என்பதை அழுத்துவேன். அதன் பின்தான் வேலையைத் தொடங்குவேன். இப்படியே நாற்பத்தொரு நாள் ஓட்டினேன். நாற்பத்திரண்டாம் நாள் வந்த பெட்டியில் 'பிறகு' இல்லை. 'சரி' மட்டும் இருந்தது. ஒரே ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவனிடம் கேள்வி கேட்பதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் கணினிப் பிரிவுக்குத் தலைவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அங்கே இடம் காலியாக இருப்பதைச் சொல்லி, விண்ணப்பத்தையும் வாங்கிக் கொடுத்து, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவனே நான்தான். அன்றே மாடியேறிப் போய் அவரிடம் கேட்டேன்.

"நீங்க ஏன் மச்சான் பதறுறீங்க?" என்றார். "பழசுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதுன்னு கம்பெனிக்காரன் கையை விரிச்சுட்டான். மாத்தித்தான் ஆகணும். ஆனா உங்க ஸ்கிரீன்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

நம்பினேன். வீட்டு மாப்பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முப்பத்து நாலு சதவீதம், அணைக்காதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சீட்டும் கையுமாக இருபது பேர் நின்றார்கள். ஒரு மணி நேரம் அந்த வட்டத்தையும் அவர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்தபோது என் திரையைக் காணவில்லை. வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகி, வெள்ளைத் தரையில் வெளிர்ச் சாம்பலாக நின்றது. 'அனுப்பு' இருந்த இடத்தில் 'அழி' இருந்தது. சிவப்பு வரி போய்விட்டது. அதற்குப் பதிலாக மூலையில் அரிசி அளவில் ஒரு மஞ்சள் முக்கோணம். அதை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். பட்டியலில் 'மேலும்' என்பதை அழுத்தி, வரும் பக்கத்தில் இன்னொன்றையும் அழுத்தினால்தான் எந்த மருந்து ஆகாது என்று தெரியும். மூன்று தடவை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எனக்கு முந்நூறு சீட்டு.

மாப்பிள்ளை வந்து தலையைச் சொறிந்தார். "எனக்கே தெரியாது மச்சான். மொத்தமா வந்து இறங்கிடுச்சு. பாக்க நீட்டா இருக்கணும்னு செஞ்சிருக்காங்க," என்றார்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். சிவப்பு வரி எங்கே வரவேண்டும் என்று அளவுகோல் வைத்துப் படம்கூட வரைந்து அனுப்பினேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது. பணியாளர்கள் புதிய முறைக்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது அதில்.

ஆளைக் கொல்லும் திரையை வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார முடியுமா? ஒரு தடித்த நோட்டு வாங்கினேன். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று அகரவரிசைப்படி என் கையால் எழுதினேன். ஒவ்வொரு சீட்டுக்கும் முக்கோணத்தைத் திறந்து பார்ப்பேன், நோட்டைப் புரட்டுவேன், சந்தேகம் இருந்தால் வார்டுக்குத் தொலைபேசி போடுவேன். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு நகர்ந்தது. மணிக்கட்டு வீங்கி, பட்டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். மூன்று மாதத்தில் பதினான்கு பேருக்குப் போகவிருந்த தவறான மருந்தை நிறுத்தினேன். அந்தப் பதினான்கு பேரும் தங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு என் முகம்கூடத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இதை நான் மேல சொல்றேன் மச்சான். இந்த நோட்டை வச்சே மாத்த வைக்கிறேன்," என்றார். அவருடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பேரனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "தம்பி கையால மருந்து வாங்குறவங்க குடுத்து வச்சவங்க," என்றார். அத்தையின் பெயரும் நோட்டில் இருந்தது. பென்சிலின் ஆகாது. பல வருடத்துக்கு முன் ஒரு மாத்திரை போட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டியபோது, அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.

புதுத் திரை வந்து தொண்ணூறு நாள் ஆனதும் கூடத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். கண்காணிப்பாளர் பேசினார். புதிய முறை வந்த நாளிலிருந்து மருந்தகத்தில் ஒரு பிழைகூட நடக்கவில்லை, இதைவிட அதற்கு என்ன நற்சான்று வேண்டும் என்றார். மாப்பிள்ளைக்குக் கேடயம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஒலிபெருக்கியைப் பிடித்தார். இப்போது நோட்டைப் பற்றிச் சொல்வார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆரம்பத்துல சில பேர் முணுமுணுத்தாங்க," என்றார், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "வீட்டுக்கு வந்தும் முணுமுணுத்தாங்க. இப்ப அவங்களும் பழகிட்டாங்க."

கூடமே சிரித்தது. நானும் கைதட்டினேன். பட்டை கட்டிய கையோடு தட்டினேன், ஐயா. என்னை யாராவது திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். என் உழைப்பையே எடுத்து அந்தத் திரைக்கு மாலையாகப் போட்டார்கள். அதைச் செய்தவர் என் வீட்டு ஆள். அதற்குப் பெயர் துரோகம். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அன்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நான் காவல் நிற்கும்வரை அந்தத் திரை நல்ல திரை. நான் உயிரைக் கொடுத்து உழைக்க உழைக்க அது இன்னும் நல்ல திரை ஆகும். அப்படியென்றால் அதன் உண்மையான முகம் தெரிய ஒரே வழி, நான் விலகிக்கொள்வது. புதிதாக எதையும் செய்யப் போவதில்லை, செய்துகொண்டிருந்ததை நிறுத்தப் போகிறேன், அவ்வளவுதான். நோட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை மதியத்திலேயே சாப்பிட்டேன்.

முதலில் வந்தவர் ஒரு சுவர்ப் பூச்சுக்காரர். அவருக்கு ஆகாத மருந்து போயிற்று. உடம்பெல்லாம் தடித்து அரித்ததோடு சரி. காரணம் தெரியவில்லை என்று எழுதி, களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முக்கோணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்து ஒரு பள்ளிக்கூடச் சிறுமி. அந்தச் சீட்டை நான் நிறுத்தினேன். நானும் பிள்ளை பெற்றவன், என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் ஒன்று புரிந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு ஏதாவது நடந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். மேலே இருப்பவர்களுக்கு உறைக்க வேண்டுமானால் அது அவர்கள் வீட்டுக்குள் நடக்க வேண்டும். இதை நான் திட்டமாகப் போடவில்லை. மனதில் தோன்றியது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அத்தையை வார்டில் சேர்த்தார்கள். காலில் ஏதோ குத்திப் புண்ணாகி, காய்ச்சல் ஏறிவிட்டது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். தங்கை வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்துவருவதாகக் கிளம்பியிருந்தாள். டாக்டர் புதியவர். நர்ஸ் பிறகு சொன்னது இது: ஏதாவது மருந்து அலர்ஜி உண்டா என்று டாக்டர் கேட்டாராம். அத்தை காய்ச்சல் மயக்கத்தில், "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, என் பையன் போட்டதுதான்," என்றாராம். டாக்டர் வார்டில் இருந்த திரையைப் பார்த்திருக்கிறார். முக்கோணம் கண்ணில் படவில்லை.

பதினொன்று பத்துக்கு எனக்குச் சீட்டு வந்தது. பென்சிலின் வகை ஊசி. தொலைபேசி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. இழுப்பறையைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை, அத்தையின் பக்கம் எனக்கு மனப்பாடம். மருந்துக் குப்பியை எடுத்து, அத்தையின் பெயரைக் கோணாமல் ஒட்டி, தட்டில் வைத்து அனுப்பினேன். பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு டாக்டர்கள் போராடினார்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தத் தடவை தூக்கிக்கொண்டு ஓட நான் பக்கத்தில் இல்லை.

விசாரணைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில், புதிய திரையில் எச்சரிக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை என்று எழுதினேன். கண்காணிப்பாளர் அதைக் கையில் வாங்கி வாசித்தார். முகம் வெளிறிவிட்டது. ஒன்பது கடிதம் எழுதியவன், ஐயா. நான் எழுதிய ஒன்றை அவர் கடைசி வரி வரை வாசித்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது. அத்தைக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை மருந்தகத்துக்கு வந்தார். வெறுங்காலோடு வந்தார். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செவப்பா வரலையா மச்சான்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை என்பது போலப் பார்த்தேன்.

"அன்னைக்கு மேடையில நோட்டைப் பத்தி சொல்லாம விட்டது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. உங்க ஒம்பது லெட்டரையும் வச்சு ரெண்டு மாசம் கம்பெனிக்காரனோட சண்டை போட்டேன். நேத்து நீங்க கிளம்பின பிறகு வந்து உங்க மெஷின்ல மட்டும் போட்டேன். காலையில நீங்களே பாத்து சந்தோஷப்படணும்னு சொல்லல. அது வரலையா மச்சான்?"

வரவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனார். அங்கிருந்து எடுத்ததுதான் உங்கள் முன்னால் இருக்கும் அந்தத் தாள். எந்த எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது, யார் எதை அழுத்தினார்கள் என்பதையெல்லாம் அந்தத் திரை தானாகவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். அதுவும் எனக்குத் தெரியாது.

தாளில் இருப்பது சரிதான். மறுக்கவில்லை. அன்று காலை அதுவரை வந்த சீட்டுகளில் யாருக்கும் ஒவ்வாமை இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களில் முதலில் வந்தது அத்தையின் சீட்டுதான். அதைத் திறந்ததும் திரையின் உச்சியில் அகலமாகச் சிவப்புப் பட்டை வந்து நின்றது. நான் படத்தில் வரைந்து கொடுத்த அதே இடம், அதே அகலம். பென்சிலின் ஆகாது என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள், 'நிறுத்து' என்று ஒன்று, 'தொடர்' என்று ஒன்று. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது விநாடி என்று தாள் சொல்கிறது, இருக்கலாம். நன்றாகச் செய்திருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு 'தொடர்' என்பதை அழுத்தினேன்.

எழுதிக்கொண்டீர்களா, ஐயா? இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். என் திரையை மாற்றப் போவதாக அந்தத் தடவையும் என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.