எங்கள் சம்பளத்தில் கை வைக்க விடாத பொறியாளர் அம்மாவுக்கு

கரியும் கிரீசும் படிந்த கைகளைக் குலுக்கக் கூசாத கனிவே! கடிந்து பேசினாலும் கைவிடாத காவலே! பேருந்துப் பணிமனையின் பெருமையே! இன்று பணி நிறைவு காணும் எங்கள் பொறியாளர் அம்மாவே! பணிமனைத் தொழிலாளர்கள் நாங்கள் மகிழ்ந்தும், கொஞ்சம் மனம் கனத்தும் படிக்கும் மடல் இது.

உங்கள் நெடும்பணி முழுவதையும் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். ஆகவே, எங்களால் மறக்கவே முடியாத ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

ஓர் ஆண்டில் புதிதாக வந்த, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங்குகள் பிஸ்கட் போல் உதிர்ந்தன. மாட்டி அனுப்பிய வண்டி மறுவாரமே திரும்பி வந்தது. தலைமை அலுவலகக் கொள்முதல் அதிகாரி கமிஷன் வாங்கிக்கொண்டு மட்டமான சரக்கை வாங்கினார் என்பது வாசல் காவலர் வரை அறிந்த செய்தி. பழி மட்டும் எங்கள் தலையில் விழுந்தது. வேலை சரியில்லை என்று சொல்லி, திரும்பி வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். மூத்த மெக்கானிக் தம் மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார். வெல்டர் அண்ணன் வேலை முடிந்ததும் வாடகை ஆட்டோ ஓட்டப் போனார். ஊதிய உயர்வு கேட்டால், “நட்டத்துல ஓடுற இடத்துல எங்கேருந்து குடுக்கறது?” என்று நிர்வாகம் கையை விரித்தது.

அந்தப் பிடித்தத்தை நிரந்தரமாக்க உங்கள் கையெழுத்து தேவைப்பட்டது. அந்தக் கொள்முதல் அதிகாரியே நேரில் வந்தார். உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாசூக்காகச் சொன்னார். உங்கள் அறைக் கதவு சரியாகச் சாத்தாது என்பதால் அத்தனையும் எங்கள் காதில் விழுந்தது!

“அதுக்கு முன்னாடி ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம் சார். நீங்க வாங்கின லைனிங்தான் மாட்டியிருக்கு. மேம்பாலத்து இறக்கம் வரைக்கும்தான்” என்று சொல்லி, வெளியே நின்ற வண்டியில் ஏறி முன் இருக்கையில் அமர்ந்தீர்கள்.

அதிகாரி படியில் ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார்.

“எனக்கு மீட்டிங் இருக்கும்மா.”

“நீங்களே ஏற மாட்டேங்கறீங்க. ஜனங்க தினமும் ஏறுறாங்களே சார்! இதுக்கு இவங்க சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போடணுமா?”

நீங்கள் போடவில்லை. “அவர்தான் ஏறலையே, நீ மட்டும் ஏன் அதுல உக்காந்திருந்தே?” என்று அன்று வீட்டில் கணவர் சத்தம் போட்டதை நீங்களே எங்களிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை அவர்கள் நீடிக்க விடவில்லை. ஊருக்கு வெளியே பழைய டயர்க் கிடங்குக்கு உங்களை மாற்றினார்கள். உங்களிடம் வேலை பழகியவருக்கு உங்கள் பதவி உயர்வு போனது. நாங்களும் சும்மா இருக்கவில்லை, புகார் கொடுத்தோம். தேய்ந்த லைனிங்குகளைச் சாக்கில் அள்ளிப்போய் விசாரணை அதிகாரியின் மேசையில் கொட்டினோம். அஞ்சாமல் வந்து சாட்சி சொன்னீர்கள். விசாரணை இழுத்து இழுத்துத்தான் முடிந்தது என்றாலும், கொள்முதல் அதிகாரி வேலையை இழந்தார். நல்ல சரக்கு வந்தது. பிடித்த பணம் திரும்பியது. மெக்கானிக்கின் மகள் மறுபடி கல்லூரிக்குப் போனாள். நீங்களும் எங்களிடமே வந்து சேர்ந்தீர்கள்.

உங்கள் பதவி உயர்வு மட்டும் திரும்பவில்லை, விதியில் இடமில்லையாம்! எங்கள் சம்பளம் முழுதாக வந்தபோதும் உங்கள் சம்பளம் ஒரு படி கீழேயே நின்றது. நாளை முதல் வரும் ஓய்வூதியமும் அதை வைத்துத்தான்.

“எனக்கு எதுக்குப்பா கோர்ட்டு? போய் வேலையைப் பாருங்க” என்று அதட்டிய உங்களைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து வழக்குப் போட்டிருக்கிறோம். வழக்கு எந்த வேகத்தில் நகரும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே வாழ்த்துவதில் கஞ்சத்தனம் காட்ட மாட்டோம். தீர்ப்பு வரும்வரை வாழ்ந்தால் போதாது அம்மா! கைக்கு வரும் நிலுவைத் தொகை முழுவதையும் நீங்களும் ஐயாவும் ஊர் ஊராகச் சுற்றி, ஆசை தீரச் செலவழித்துத் தீர்க்கும்வரை நோய் நொடியின்றி நீடு வாழ்க!

இப்படிக்கு,
உங்களால் முழுச் சம்பளம் வாங்கும்
பணிமனைத் தொழிலாளர்கள்