எண்ணெய் போடாத சக்கரம்

— அந்த வண்டியைக் கொஞ்சம் நிறுத்துக்கா. அந்தச் சத்தம் தாங்கலை.

— தள்ளுவண்டி சத்தமா தாங்கலை? நாள் பூரா மிஷின் ரம்பம் புடிச்சு மரம் அறுக்கிறவன் பேசற பேச்சா இது? நகரு. கழட்டின கூண்டுக் கதவையெல்லாம் வாசலுக்குக் கொண்டு போகணும். லாரிக்காரன் வேற ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான்.

— ஒரு சொட்டு எண்ணெய் விட்டா குறைஞ்சா போயிடுவே?

— இத்தனை வருஷம் விடாத எண்ணெயை இன்னிக்கு விட்டு யாருக்குக் காட்டப் போறேன்? உள்ளே ஒரு கிளி இல்லை. சாயங்காலம் இந்த வண்டியும் பழைய இரும்புக் கடைக்குப் போகுது.

— விடுக்கா, நானே போடறேன். பையில எண்ணெய் இருக்கு.

— ரம்பத்துக்கு ஊத்துறதா? அதை என் கிளிங்களோட சாப்பாட்டு வண்டிக்கு ஊத்துறியா? நல்லாத்தான் இருக்குடா நியாயம்.

— ஆரம்பிச்சிட்டியா?

— நான் எங்கடா ஆரம்பிச்சேன்? முடிச்சதே அவங்கதான். போன மாசம் சர்க்கார்ல, காப்பாத்த வேண்டிய இனங்களோட பட்டியலை மாத்திட்டாங்க. நீலநெத்திக் கிளி, அற்றுப்போன இனம். அந்தப் பேரு வர்ற வரைக்கும் கிளி இருந்த காட்டுல ஒரு கிளையை ஒடிக்க முடிஞ்சுதா எவனாலயாவது? பேரு மாறின மறுவாரமே உன் காண்ட்ராக்டர் உள்ளே லாரியை விட்டுட்டான்.

— நான் அறுக்காட்டி இன்னொருத்தன் அறுப்பான்கா. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு.

— தெரியும்டா. தெரிஞ்சதாலதான் இன்னும் உனக்குச் சோறு போடறேன். ம், ஊத்து. அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் ஊத்து. கிளியை வளர்த்துப் பூனை கையில கொடுத்தாங்கன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுவாங்க. நம்ம வீட்டுல நிஜமாவே நடந்துடுச்சு. அக்கா வளர்த்தா, தம்பி அறுத்தான்.

— நான் கிளி எதையும் அறுக்கலை. கிளி இல்லைன்னுதானே அறுக்கவே விட்டாங்க? அதுசரி, நிஜமாவே ஒழுங்காத் தேடிப் பார்த்தாங்களா?

— இந்தக் கிளிக்கூடத்தை நடத்துற டாக்டரம்மாவோட ஆளுங்க ஒரு மழைக்காலம் பூராத் தேடினாங்க. நாம இங்கே வளர்த்து மொத்தமாப் பறக்க விட்ட கிளிங்க உயிரோட இருக்கான்னு பார்க்க. கண்ணால பார்க்க முடியாது, அம்பதாள் உசர மரம், பச்சைக்குள்ள பச்சை. அதனால மரத்துக்கு மரம் மைக்கைக் கட்டி வச்சாங்க. காட்டுல அதுங்க கத்துற சத்தம் பழைய காலத்து டேப்புல இருக்கு. அந்தச் சத்தம் எங்கேயாவது கேட்குதான்னு கம்ப்யூட்டர் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவைகூடக் கேட்கலை.

— ஒரு தடவைகூடவா?

— ஒரு தடவைகூட. அந்தச் சேதி வந்த அன்னிக்கு, இதே இடத்துல உக்காந்து அழுதேன். முட்டையிலேருந்து வளர்த்தேன்டா. பெத்தவங்க யாரும் கிடையாது, மிஷின்ல பொரிச்ச குஞ்சுங்க. நான் முகத்தைத் துணியால மூடிக்கிட்டு உள்ளே போவேன். அதுங்க முன்னால வாயே திறக்கக் கூடாது. மனுஷப் பேச்சைக் கத்துக்கிட்டா காட்டுல பிழைக்காதுன்னு டாக்டரம்மா கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லிச் சொல்லி வச்சாங்க.

— நீயா? வாயைத் திறக்காமலா?

— சிரிக்காதே. இருமல் வந்தாக்கூட முழுங்கிடுவேன். அதுங்களுக்குச் சோறு வர்றது இந்த வண்டியை வச்சுத்தான் தெரியும். விடியக்காலையில நான் தள்ளிக்கிட்டு வர்றப்பவே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கும். அதனாலதான் எண்ணெய் விடலை. போதுமா?

— போதும்கா. போட்டாச்சு.

— இப்பச் சொல்லு. எதுக்கு இந்தச் சத்தத்துக்கு மூஞ்சி வெளுத்துச்சு? காலையில நீ உள்ளே வந்ததுலேருந்து பார்க்கிறேன்.

— ஒண்ணுமில்லைக்கா. சொன்னா கிண்டல் பண்ணுவே.

— பண்ணுவேன். சொல்லு.

— எங்க கூட்டத்துல ஒரு கிழவர் இருந்தார். ரம்பம், கயிறு எல்லாத்தையும் ஒத்தைச் சக்கர வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வருவார். வேலை ஆரம்பிச்ச மொத வாரமே கட்டை உருண்டு, அடியில மாட்டிப் போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் தினம் அந்த வண்டிச் சத்தம் கேட்டுச்சு.

— யாருக்கு?

— எல்லாருக்கும்தான். சும்மா சொல்லலைக்கா. ஆளுங்க பாதிப் பேர் மூட்டையைக் கட்டிட்டாங்க. காட்டுக்குள்ள வண்டி போற பாதையே கிடையாது. ஆனா விடியறப்போ, தலைக்கு மேல, கிரீச்சு கிரீச்சுன்னு…

— தலைக்கு மேலயா? ஏன்டா, உசுரோட இருந்தப்பத் தரையில தள்ளின மனுஷன், செத்த பிறகு வண்டியை மரத்து மேலயா தள்ளுவாரு?

— பார்த்தியா? இதுக்குத்தான் சொல்லலைன்னேன்.

— இரு, இரு.

— என்னக்கா?

— விடியறப்போன்னு சொன்னே.

— ஆமா.

— அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு? வாயால செஞ்சு காட்டு.

— இன்னிக்குக் காலையில நீ தள்ளினப்போ கேட்டுச்சே, அப்படியே இருந்துச்சுக்கா. அதான் நிறுத்தச் சொன்னேன். கிரீச்ச்… கிரீச்ச்… கிரீச்ச்… டக்.

— கடைசியில என்ன சொன்னே?

— டக். ஒரு டக் வரும். அதோட நிக்கும். மறுபடியும் மொதல்லேருந்து.

— தம்பி, இங்கே வா. இந்த வாசப்படியைப் பாரு. ஓரத்துல சிமெண்டு பேந்திருக்குல்ல? சக்கரம் அதுல இடிக்கிற சத்தம்டா அது. தினம் இடிக்கும். கிழவர் வண்டிக்குக் காட்டுல ஏதுடா வாசப்படி?

— நீ என்னக்கா சொல்றே?

— நான் மடச்சிடா. படுமடச்சி. வண்டியை ஓரமா நிறுத்தி வச்ச பிறகும் எனக்கு இந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா தள்ளினதால காதுல தங்கிடுச்சுன்னு நெனச்சேன். டாக்டரம்மா கூண்டைப் பார்த்தது பூராக் கேமராவுல. கேமராவுக்குக் கண்ணு உண்டு, காது கிடையாது. பேச்சைக் கத்துக்கக் கூடாதுன்னு நாங்க ஊமையா இருந்தோம். அதுங்க எதைத்தான் கத்துக்கும்? கேட்டதைக் கத்துக்கிச்சு.

— அப்ப அந்தக் கம்ப்யூட்டரு…

— அதுக்கு டேப்புல இருக்கிற சத்தம்தானே தெரியும்? சக்கரம் கிரீச்சிடுறதை அது எதுக்குடா கிளின்னு சொல்லும்? அய்யோ, உயிரோட இருக்குடா! எத்தனை கேட்டுச்சு? ஒண்ணா, ரெண்டா?

— ரெண்டு. ஒண்ணு சொன்னா இன்னொண்ணு பதில் சொல்லும்.

— ஜோடி! கேட்டியா, ஜோடிடா! போனை எடு. டாக்டரம்மாகிட்ட நான் பேசறேன். பட்டியலைத் திரும்ப மாத்தட்டும், உன் காண்ட்ராக்டரை வெளியே தள்ளட்டும். ஏன் நிக்கிறே?

— அக்கா, உக்காரு.

— உக்கார நேரமில்லை. எந்த மரம்னு காட்டுவேல்ல?

— அந்த மரமே இப்ப இல்லைக்கா. ஆளுங்க பயந்து நின்னதும் காண்ட்ராக்டருக்குக் கோவம் வந்துடுச்சு. சத்தம் வர்ற மரத்தை மொதல்ல சாய்ங்கடான்னார். யாரும் முன்னால வரலை. முந்தாநாள் நான்தான் ரம்பத்தை எடுத்தேன்.

— நீயா?

— எனக்கென்னக்கா தெரியும்? கிழவருக்கு விடுதலை கிடைக்கட்டும்னு நெனச்சேன்.

— சரி. சரிடா. ரம்பம் போட்டா எந்தக் கிளி உக்காந்திருக்கும்? பறந்திருக்கும். பக்கத்துலதான் எங்கேயாவது இருக்கும். வண்டியை லாரியில ஏத்து. அங்கே போய் நான் தள்ளறேன். இந்தச் சத்தம் கேட்டா எங்கே இருந்தாலும் இறங்கி வரும், என் பேச்சை நம்பு. தள்ளு ஒரு கை… என்னடா இது, சத்தமே வரலை?

— எண்ணெய் போட்டுட்டேனேக்கா.

— துடை. துணியை எடுத்துத் துடை. மண்ணை அள்ளிப் போடு. இன்னும் கொஞ்சம் தள்ளு, வரும். ம்ஹும், கிரீச்சு சுத்தமாப் போச்சு. பாரு, படியில இடிக்கிறது மட்டும்தான் கேட்குது. டக். மறுபடியும் டக். ரெண்டும் பறந்திருக்கும் தம்பி, நீ சொல்லு, பறந்திருக்கும்தானே? நீதானே கிட்ட இருந்தே?

— அதுங்க பறக்கவே இல்லைக்கா. மரம் சாயற வரைக்கும் மேலேருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு.

— ஏன்டா? றெக்கை இருக்கு, ஏன் பறக்கலை?

— வண்டியை நிறுத்துக்கா. மரம் விழுந்த பிறகு பொந்துக்குள்ளேருந்து இப்படித்தான் கேட்டுச்சு. கிரீச்சு வரலை. வெறும் டக், டக், டக்குன்னு, சின்னச் சின்னதா, நாலஞ்சு குரல்.